பிணக்கும் இணக்கமும்: குடும்ப ஆதரவுக் குழுக்கள் முடிவெடுக்கும் விதம் பற்றி



ஒரு குடும்பம் நொடித்துப்போனால் அதைச் சுற்றி ஒரு குழு கூடுகிறது. நன்னடத்தை அலுவலர், ஆற்றுப்படுத்துநர், வகுப்பாசிரியர், கிராம சுகாதாரச் செவிலியர், குழந்தைகள் நலக் குழுவின் உறுப்பினர்கள் ஒரு பக்கம். அம்மா, அப்பா, பாட்டி, தாய்மாமன், சித்தி மறுபக்கம். நடுவில் குழந்தை. இருக்கிற அத்தனை பேருக்கும் குழந்தை நன்றாக இருக்க வேண்டும் என்பதில் மாற்றுக் கருத்து கிடையாது. இருந்தும், இந்தக் குழுக்களில் வருவதுபோன்ற மனத்தாங்கல் வேறெங்கும் வருவதில்லை. பாட்டி அலுவலரை நம்புவதில்லை. அலுவலர் தகப்பனை நம்புவதில்லை. ஆசிரியருக்கு எல்லோர் மேலும் கோபம். கடைசியில் யாரோ ஒருவர் களைத்துப்போய்ச் "சரி, உங்க இஷ்டம்" என்கிறார். அதை உடன்பாடு என்று கோப்பில் எழுதிவிடுகிறோம்.

இப்படிப் பிறக்கும் உடன்பாடுகள் சில வாரங்களில் குலைந்துபோவதைப் பார்த்தே என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. ஆகவே இன்று சண்டையை அடக்கும் வழிகளை நான் சொல்லப்போவதில்லை. சண்டை வரட்டும். அதை எங்கே வைத்துக்கொள்வது, யார் முன்னால், எந்த வரிசையில் என்பதுதான் என் பேச்சு. முடிவெடுக்கும் வேலையைக் குடும்பத்திடம் உண்மையாகவே ஒப்படைத்தால், இந்தப் பிணக்குகளில் பெரும்பாலானவை தீரும் என்பது என் துணிபு.

இதைச் சட்டமாகவே எழுதிப் பார்த்த நாடு நியூசிலாந்து. 1980களில் அந்நாட்டுச் சமூகநலத் துறையின் காப்பகங்களில் பூர்வகுடிகளான மாவோரிக் குழந்தைகள் தங்கள் மக்கள்தொகை விகிதத்துக்கு மிஞ்சிய எண்ணிக்கையில் இருந்தார்கள். துறை மாவோரி மக்களை எப்படி நடத்துகிறது என்று ஆராய, மாவோரிகளின் தூஹோயி இனத்தைச் சேர்ந்த ஜான் ரங்கிஹாவு தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். அந்தக் குழு அலுவலகத்தில் உட்கார்ந்து மனு வாங்கவில்லை. மராய் எனப்படும் மாவோரிகளின் கூடுமிடங்களுக்கு ஊர் ஊராகப் போய், மக்கள் சொன்னதைக் கேட்டது. 1988-ல் அச்சாகி வெளிவந்த 'புவாவோ தே அத்தா தூ' என்ற அதன் அறிக்கை, துறையின் அமைப்புக்குள்ளேயே இனப்பாகுபாடு ஊறியிருக்கிறது என்று நேராகச் சொன்னது. குழந்தை தாய் தகப்பனுக்கு மட்டும் உரியதன்று, அதன் விரிந்த குடும்பத்துக்கும் குலத்துக்கும் இனத்துக்கும் உரியது. அதைப் பற்றிய முடிவில் அவர்கள் அனைவருக்கும் இடம் வேண்டும் என்றது. அடுத்த ஆண்டே, 1989-ல், குழந்தைகள், இளையோர், அவர்தம் குடும்பங்கள் பற்றிய சட்டம் வந்தது. நவம்பர் 1 முதல் நடைமுறைக்கும் வந்துவிட்டது.

அந்தச் சட்டத்தின் உயிர்நிலை குடும்பக் கூட்டம். ஒரு குழந்தைக்குப் பராமரிப்போ பாதுகாப்போ தேவை என்று சமூகப் பணியாளர் கருதினால், ஒருங்கிணைப்பாளர் ஒருவர் கூட்டத்தைக் கூட்டுகிறார். நாளையும் இடத்தையும் குடும்பத்தைக் கேட்டே வைக்கிறார். மராயில் கூடலாம், வீட்டில் கூடலாம், தேவாலயக் கூடத்திலும் கூடலாம். எந்த முறைப்படி தொடங்குவது என்பதும் குடும்பத்தின் விருப்பம். முதலில் அலுவலர்கள் தங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்கிறார்கள். குடும்பத்தார் கேள்வி கேட்கிறார்கள். அதன்பின் அலுவலர்கள் எழுந்து வெளியே போய்விட வேண்டும். குடும்பத்தார் கூப்பிட்டாலொழிய ஒருங்கிணைப்பாளரும் உள்ளே இருக்கக் கூடாது. அவர்கள் தனியாகப் பேசி ஒரு திட்டத்தோடு வந்த பிறகுதான் மற்றவர்கள் உள்ளே போகலாம். சமூகப் பணியாளரும் அதை ஏற்க வேண்டும். ஏற்காவிட்டால் வழக்கு குடும்ப நீதிமன்றத்துக்குப் போகலாம்.

அலுவலர்கள் வெளியே போகும் அந்த நேரத்தில்தான் இந்த முறையின் பலம் முழுவதும் இருக்கிறது. நாம் உட்கார்ந்திருக்கும்வரை குடும்பத்தார் ஒவ்வொருவரும் நம்மைப் பார்த்தே பேசுகிறார்கள். ஒருவர்மேல் ஒருவர் சாட்சி சொல்கிறார்கள். நாம் போன பிறகுதான் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். அப்போது பழைய கணக்கெல்லாம் வெளியே வரும். யார் எந்தச் சாவுக்கு வரவில்லை, யார் நிலத்தை எழுதி வாங்கினார், யார் கடன் திரும்பவில்லை. நமக்கு இது வெட்டிப் பேச்சாகத் தோன்றும். அவர்களுக்கோ இதைக் கடக்காமல் குழந்தையைப் பற்றிப் பேச வாய் வராது. மூன்றாம் மனிதர் முன்னால் வீட்டு விஷயம் பேசுவதில்லை என்பது மாவோரிகளுக்கு மட்டும் உரிய வழக்கமா என்ன? இங்கிலாந்து, நெதர்லாந்து, சுவீடன், அமெரிக்கா என்று பல நாடுகள் இந்த முறையைத் தமக்கேற்ப மாற்றி எடுத்துக்கொண்டன.

நம் ஊரில் இதற்குச் சட்டம் இல்லை. தடையும் இல்லை. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி ஒரு நிகழ்வைச் சொல்கிறேன்.

எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் குழந்தை. அம்மா இறந்துவிட்டாள். அப்பா சுமை தூக்கும் தொழிலாளி; குடி. அப்பத்தா வளர்க்கிறாள். பிள்ளை பள்ளிக்கு வருவது குறைந்ததும் ஆசிரியை குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைத்தார். அலுவலரின் வரைவு அறிக்கை, குழந்தையை இல்லத்தில் சேர்க்கலாம் என்றது. ஒரு சனிக்கிழமை அந்தப் பள்ளியிலேயே ஒரு வகுப்பறையில் எல்லோரையும் கூட்டினோம். அப்பத்தா தரையில் உட்கார்ந்திருந்தாள். மாமன் நாற்காலியில். சித்தி கதவோரம் நின்றாள். அப்பா தாமதமாக வந்தார், குடிக்காமல் வந்தார். நாற்காலிகளை ஒதுக்கி, எல்லோரும் மாணவர்களின் பெஞ்சுகளில் வட்டமாக உட்காரும்படி செய்தோம்.

"எம் பேத்திய நான் யாருக்கும் குடுக்க மாட்டேன். என்னையக் கொன்னுட்டு வேணா கூட்டிட்டுப் போங்க" என்றாள் அப்பத்தா.

"அக்கா புள்ள எங்க வீட்டுப் புள்ள. நான் கூட்டிட்டுப் போறேன், படிக்க வைக்கிறேன். இதுல பேச என்ன இருக்கு?" என்றார் மாமன்.

"ரெண்டு பேரும் சொல்றது சரிங்க. ஆனா இங்க இருந்தா படிப்பு போயிடும்" என்றார் அலுவலர்.

சித்தி ஒன்றும் சொல்லவில்லை.

ஆசிரியை, பிள்ளை தன்னிடம் சொல்லியிருந்ததை அவள் சம்மதத்தோடு எல்லோருக்கும் சொன்னார். இந்தப் பள்ளியை விட்டுப் போக மாட்டேன். ராத்திரியில் அப்பத்தாவைத் தனியாக விடவும் மாட்டேன். அவ்வளவுதான். பிறகு நாங்கள் வெளியே வந்தோம். பிள்ளைக்குத் துணையாக இருக்க வேண்டும் என்று குடும்பமே கேட்டுக்கொண்டதால் ஆசிரியை மட்டும் உள்ளே இருந்தார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. நடுவில் சத்தம் பலமாகக் கேட்டது. உடன் வந்தவர் உள்ளே போக எழுந்தார். வேண்டாம் என்று உட்கார வைத்தேன். கொஞ்ச நேரத்தில் சித்தி கதவைத் திறந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டாள். கூடவே, "கவர்மெண்டுல மாசாமாசம் குடுக்குற பணம் யார் பேர்ல வரும்?" என்று ஒரு கேள்வி. பேச்சு எங்கே வந்து நிற்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

உள்ளே பேசியது எங்களுக்குப் பிறகு தெரிந்தது. மாமனுக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை செய்யும் மகன் இருந்தான். அந்த வீட்டுக்குப் பேத்தி போனால், வயதுக்கு வந்ததும் பேசி முடித்துவிடுவார்கள் என்பதுதான் அப்பத்தாவின் பயம். அப்பத்தா கையில் உதவித்தொகை கிடைத்தால் அது மகனின் குடிக்குப் போய்விடும் என்பது மாமனின் பயம். அலுவலர் முன்னால் இரண்டையும் யாரும் சொல்ல மாட்டார்கள். முதலாவதைச் சொன்னால் சம்பந்தி வீட்டின்மேல் குழந்தைத் திருமண வழக்கு வரும். இரண்டாவதைச் சொன்னால் இறந்த அக்காவின் வீட்டுக்கு மானக்கேடு.

கணக்கு நோட்டின் நடுத்தாளைக் கிழித்து, சித்தி தன் கையெழுத்தில் திட்டத்தை எழுதிக் கொண்டுவந்தாள். இரண்டு இடங்களில் எழுத்துப்பிழையைப் பிள்ளை அடித்துத் திருத்தியிருந்தாள். அப்பத்தாவும் பேத்தியும் சித்தி குடியிருக்கும் தெருவில் ஓர் அறை எடுத்து இருப்பது. பள்ளி அதே ஊர்தான். வாடகை மாமன் பொறுப்பு. வங்கிக் கணக்கு பிள்ளை பெயரும் சித்தி பெயரும் சேர்ந்து. அப்பா ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம், குடித்திருந்தால் தெருமுனையோடு திரும்பிவிட வேண்டும். கடைசி வரி மாமனே சொல்லி எழுதச் செய்தது: பிளஸ் டூ முடிக்கும்வரை கல்யாணப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. கீழே அப்பா "சரி" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

எங்களில் யாராலும் எழுதியிருக்க முடியாத திட்டம் அது. தாய்மாமன் விரும்பி முன்வருகிறார், வசதி இருக்கிறது, அவரிடம் ஒப்படைக்கலாம் என்று ஓர் அறிக்கை போயிருந்தால், படித்தவர்கள் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அந்தப் பிள்ளைக்கு எது நடந்திருக்கும் என்று அப்பத்தாவுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது.

இதை வைத்து, கதவைச் சாத்திவிட்டு வெளியே வந்தால் போதும் என்று மாணவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தச் சனிக்கிழமைக்கு முன்பே பெரும்பாதி வேலை முடிந்திருந்தது. ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டில் போய்த் தனித்தனியாகப் பார்த்திருந்தோம். கூட்டத்துக்கு வராவிட்டால் முடிவே நிற்காது என்று யாரைச் சொல்கிறீர்கள்? யார் பக்கத்தில் உட்கார உங்களுக்கு விருப்பமில்லை? இந்தக் கூட்டத்தில் எது நடந்துவிடுமோ என்று பயப்படுகிறீர்கள்? இப்படிக் கேட்டால் மனிதர்கள் பேசுகிறார்கள். சித்தியின் பெயர் எங்கள் கோப்பிலேயே இல்லை. அப்பத்தாதான், "அவ வந்தா பேச்சு அடங்கும்" என்று சொன்னாள். ஆனால் களத்தில் நடப்பது என்ன? கூட்டத்துக்கு முதல்நாள் மாலை ஒரு தொலைபேசி அழைப்பு. காலை பத்து மணிக்கு ஆட்சியர் அலுவலக வளாகத்துக்கு வந்துவிடுங்கள் என்று தகவல். கூலி வேலைக்குப் போகிறவர் ஒருநாள் சம்பளத்தை விட்டு, பேருந்துக்குச் செலவழித்து, வராந்தாவில் மதியம்வரை காத்திருந்தால், அவர் எந்த மனநிலையில் உள்ளே வருவார்? அவருடைய கோபத்தை "ஒத்துழைக்கவில்லை" என்று நாம் பதிவு செய்கிறோம். அந்தக் கோபத்துக்குக் காரணம் நாமே.

பிணக்கைப் பற்றித் தெளிவாக யோசித்த ஒருவரை இங்கே நினைவுகூர வேண்டும். மேரி பார்க்கர் ஃபாலட் என்ற அமெரிக்கப் பெண்மணி. பாஸ்டனின் ராக்ஸ்பரி பகுதியில் உழைக்கும் மக்களிடையே பணியாற்றியவர். பள்ளிக் கட்டடங்களை மாலை வேளைகளில் அக்கம்பக்கத்தார் கூடும் இடங்களாகத் திறந்துவிடப் பாடுபட்டவர். 1925-ல் அவர் ஆற்றிய ஓர் உரையில், கருத்து மோதலைத் தீர்க்க மூன்று வழிகள் உண்டு என்றார். ஒருவர் வெல்வது, இருவரும் பாதி பாதி விட்டுக்கொடுப்பது, இருவர் விருப்பமும் நிறைவேறும் மூன்றாவது வழியைக் கண்டுபிடிப்பது. ஹார்வர்டு நூலகத்தின் ஒரு சிறிய அறையில் நடந்ததை அவர் உதாரணமாகச் சொல்கிறார். உடனிருந்தவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும். இவருக்கு மூடியிருக்க வேண்டும். பக்கத்து அறையில் யாரும் இல்லை. அந்த அறையின் ஜன்னலைத் திறந்தார்கள். அவருக்கு வேண்டியிருந்தது காற்று. இவருக்கு வேண்டியிருந்தது வாடைக்காற்று நேரே மேலே படாமல் இருப்பது. ஜன்னலைப் பற்றி இருவருக்கும் உண்மையில் சண்டையே இல்லை.

மாமனும் அப்பத்தாவும் பேத்தி யாரிடம் இருப்பது என்று சண்டை போட்டதும் அதே வகைதான். ஒருவருக்குப் பணத்தைப் பற்றிய கவலை, மற்றவருக்குக் கல்யாணத்தைப் பற்றிய கவலை. இரண்டையும் ஒரே திட்டத்தில் தீர்க்க முடிந்தது. மாதத்தில் பதினைந்து நாள் அங்கே, பதினைந்து நாள் இங்கே என்று நாங்கள் நடுவர்களாக இருந்து பாதியாகப் பிரித்திருந்தால், இருவர் பயமும் அப்படியே இருந்திருக்கும். பிள்ளையின் படிப்பும் போயிருக்கும்.

நம் வீடுகளில் விட்டுக்கொடுத்துப் போவதைப் பெரிய குணமாகச் சொல்லி வளர்க்கிறோம். நான் அதில் எச்சரிக்கையாக இருக்கிறேன். குடும்பக் கூட்டங்களில் விட்டுக்கொடுக்கிறவர் யார் என்று கவனித்துப் பாருங்கள். மருமகள் விட்டுக்கொடுப்பாள். கணவனை இழந்த தங்கை விட்டுக்கொடுப்பாள். குழந்தை கேட்காமலேயே விட்டுக்கொடுத்துவிடும். சொத்தும் குரலும் உள்ளவர் விட்டுக்கொடுத்து நான் கண்டது அரிது. எனவே, சீக்கிரமாக எட்டிய இணக்கத்தைக் கண்டால், அதற்கு யார் விலை கொடுத்தார் என்று குழு கேட்டாக வேண்டும்.

இதுவரை குடும்பத்துக்குள் நடக்கும் பிணக்கைச் சொன்னேன். அலுவலர்களுக்குள் நடப்பது வேறு. ஜீப்பில் வரும்போது நன்னடத்தை அலுவலரும் ஆற்றுப்படுத்துநரும் கடுமையாக வாதாடுவார்கள். ஒருவர் இல்லம் வேண்டும் என்பார், மற்றவர் கூடாது என்பார். வீட்டு வாசலில் இறங்கியதும் இருவரும் ஒரே குரலில் பேசுவார்கள். நமக்குள் வேறுபாடு இருப்பது குடும்பத்துக்குத் தெரிந்தால் மதிப்புப் போய்விடும் என்று நினைக்கிறோம். இதற்கு மாறான வழியைப் பின்லாந்தில் கண்டார்கள். அந்நாட்டின் வடபகுதியில், சுவீடன் எல்லையை ஒட்டிய டோர்னியோ நகரில் கேரோபுதாஸ் என்ற மனநல மருத்துவமனை இருந்தது. 1984-ல் அங்கே ஒரு முடிவெடுத்தார்கள்: நோயாளியைப் பற்றிய பேச்சும் முடிவும் அவர் இல்லாத இடத்தில் நடக்கக் கூடாது. அழைப்பு வந்த 24 மணி நேரத்துக்குள் குடும்பத்தையும் நோயாளியையும் வைத்து முதல் கூட்டம். மருத்துவருக்கும் செவிலியருக்கும் கருத்து வேறுபட்டால், அதையும் குடும்பத்தின் முன்னாலேயே ஒருவருக்கொருவர் பேசிக்கொள்ள வேண்டும். யாக்கோ செய்க்குலாவும் அவருடைய சக பணியாளர்களும் வளர்த்தெடுத்த இந்த முறை 'திறந்த உரையாடல்' என்று உலகெங்கும் பேசப்படுகிறது. அதன் கொள்கைகளில் ஒன்று, நிச்சயமின்மையைத் தாங்கிக்கொள்வது. முதல் கூட்டத்திலேயே முடிவு சொல்லியாக வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு இல்லை.

குடும்பத்தின் முன்னாலேயே பேசுவதன் பலன் முதலில் நம் நாக்கில்தான் தெரியும். தாய் கேட்டுக்கொண்டிருக்கும்போது அவளைப் பற்றி "பொறுப்பில்லாதவள்" என்று சொல்ல வாய் கூசும். "காலையில் ஐந்து மணிக்கு மில்லுக்குப் போய்விடுவதால் பிள்ளையை எழுப்ப வீட்டில் ஆளில்லை" என்று சொல்லுவோம். அப்படிச் சொன்ன உடனே, யார் எழுப்புவது என்ற கேள்வி பிறக்கும். அதற்கு விடை தேட முடியும். முதல் வாக்கியத்துக்கு எந்த விடையும் கிடையாது. துறைகளுக்குள் எல்லை யாருடையது, வாகனம் யாருக்கு, கையெழுத்து முதலில் யார் போடுவது என்ற தகராறுகளை வெளியே தீர்த்துவிட்டு வாருங்கள். குடும்பம் அவற்றைச் சுமக்க வேண்டியதில்லை. ஆனால் குழந்தையின் எதிர்காலத்தைப் பற்றி நமக்குள்ள உண்மையான வேறுபாட்டைத் தெரிந்துகொள்ள அவர்களுக்கு உரிமை இருக்கிறது.

குடும்பமே முடிவெடுக்கட்டும் என்று சொல்லும்போது சபையில் சிலருக்குக் கலக்கம் வந்திருக்கும். நியாயமான கலக்கம். நம் மண்ணில் பெரியவர்கள் கூடிப் பேசி முடித்த வரலாறு நல்ல வரலாறாக மட்டும் இல்லை. சிறுமிக்கு நேர்ந்த கொடுமையை இரு தரப்பு ஆண்களும் உட்கார்ந்து ஒரு தொகைக்குப் பேசி முடித்த பஞ்சாயத்துகளை நாம் அறிவோம். ஆகவே எல்லை தெளிவாக இருக்க வேண்டும். குற்றம் நடந்ததா, யார் செய்தது என்பது காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் உரியது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின்கீழ் வரும் எதையும் எந்தக் கூட்டமும் பேசித் தீர்க்க முடியாது, தீர்க்கக் கூடாது. குடும்பக் கூட்டத்தின் பொருள் ஒன்றே: இனி இந்தக் குழந்தையை யார், எப்படிப் பார்த்துக்கொள்வது. நியூசிலாந்துச் சட்டத்திலும், ஒருவர் வருவது குழந்தைக்கு நல்லதில்லை என்றால் அவரை விலக்கிவைக்க ஒருங்கிணைப்பாளருக்கு அதிகாரம் உண்டு. குடும்பத்தைத் தனியே விடுவதற்கு முன்பே, மீற முடியாதவற்றை நாம் வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். "பிள்ளை இரவில் அப்பாவோடு தனியாகத் தங்கக் கூடாது. பள்ளிப் படிப்பு நிற்கக் கூடாது. இந்த இரண்டில் பேச்சுக்கு இடமில்லை. மற்றதெல்லாம் உங்கள் முடிவு." இப்படிச் சொல்லிவிட்டு வெளியே வந்தால் எல்லோருக்கும் தெளிவு. மனத்துக்குள் பத்து நிபந்தனைகளை வைத்துக்கொண்டு, குடும்பம் திட்டத்தோடு வந்த பிறகு ஒவ்வொன்றாக எடுத்துவிடுவது நம்பிக்கைத் துரோகம்.

திட்டம் எழுதிய பிறகு நாம் வழக்கமாகக் கேட்பது, "எல்லாருக்கும் சம்மதம்தானே?" இதைவிடப் பயனற்ற கேள்வி இருக்க முடியாது. எல்லோரும் தலையாட்டுவார்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்பதற்காகவும் தலையாட்டுவார்கள். அதற்குப் பதில், "இதில் எது முதலில் கெடும் என்று நினைக்கிறீர்கள்?" என்று வட்டமாக ஒவ்வொருவரையும் கேளுங்கள், குழந்தையையும் கேளுங்கள். வாடகை தவறும் என்று ஒருவர் சொல்வார். காய்ச்சல் வந்தால் யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது என்று இன்னொருவர். எனக்குத் தெரிந்து, உண்மையான பேச்சு பல நேரங்களில் இந்தக் கேள்விக்குப் பிறகுதான் தொடங்கியிருக்கிறது. அந்தப் பிள்ளை விஷயத்திலும் சில மாதங்களில் மாமன் வாடகை தர முடியாமல் போயிற்று. வேலை இல்லை. இது வரக்கூடும் என்று முன்பே பேசியிருந்ததால், சித்தி யாரையும் குறை சொல்லாமல் எங்களை அழைத்தாள். மறுபடி கூடினோம். வாடகையில் மாமனின் பங்கைப் பாதியாக்கி, மீதியை அப்பா தருவது என்று மாற்றினார்கள். பெரும்பாலும் தந்தார்.

இப்படித் திட்டத்தைத் திருத்திக்கொண்டே போவதற்கு வெளிநாட்டிலும் உதாரணம் உண்டு. அமெரிக்காவில், குடும்பத்தைச் சுற்றி ஒரே குழுவாக நின்று உதவும் முறையை வளர்த்தவர்களில் கார்ல் டென்னிஸ் முக்கியமானவர். சிகாகோவில் 'கலைடாஸ்கோப்' என்ற அமைப்பை நடத்தினார். எந்தக் குழந்தையையும் கடினம் என்று திருப்பி அனுப்புவதில்லை, சேர்த்தபின் வெளியேற்றுவதும் இல்லை என்பது அவர்கள் வழி. திட்டம் சரிவராவிட்டால் திட்டத்தை மாற்ற வேண்டும், குழந்தையை அல்ல. 1990களில் மில்வாக்கி மாவட்டத்தில், விடுதிச் சிகிச்சையில் நீண்டகாலமாக முடங்கிக் கிடந்த 25 பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து இப்படிக் குழு அமைத்துப் பார்த்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்கும் ஊருக்கும் திரும்ப முடிந்தது. குழுவில் அலுவலர்களோடு பக்கத்து வீட்டுக்காரரும், மாமாவும், விளையாட்டுப் பயிற்சியாளரும் உட்கார்ந்தார்கள். சம்பளம் வாங்குகிறவர்கள் ஒருநாள் மாற்றலாகிப் போய்விடுவார்கள். அத்தை மாற்றலாகிப் போவதில்லை.

நியூசிலாந்தையே முன்மாதிரியாகச் சொன்னேன். அங்கே பின்னால் நடந்ததையும் சொல்லியாக வேண்டும். 2019-ல் ஹேஸ்டிங்ஸ் நகர மருத்துவமனையில், பச்சிளம் குழந்தையை மாவோரித் தாயிடமிருந்து பிரிக்க அதிகாரிகள் முயன்ற காணொளி வெளிவந்து நாடே கொதித்தது. பல விசாரணைகள் நடந்தன. 2021-ல், மாவோரிகளின் முறையீடுகளை விசாரிக்கும் வைதாங்கித் தீர்ப்பாயம் தன் அறிக்கையில் குழந்தைகள் துறையின் செயல்பாட்டைக் கடுமையாகக் கண்டித்தது. முப்பது ஆண்டுகளாகக் குடும்பக் கூட்டத்தைச் சட்டத்தில் வைத்திருந்த நாட்டில் இது எப்படி நடந்தது? அவசரம் என்று சொல்லி, குடும்பத்துக்குத் தெரிவிக்காமலே நீதிமன்ற ஆணை பெறும் வழி அதே சட்டத்தில் இருந்தது. கூட்டம் கூட்டுவது சிரமம். ஆணை வாங்குவது எளிது. அலுவலர்கள் எளிய வழியில் போனார்கள். நல்ல சட்டம் இருப்பதால் மட்டும் ஒரு குடும்பமும் பிழைத்துவிடாது.

நம் நாட்டின் நிலைக்கு வருகிறேன். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் நல்ல கொள்கைகளோடு எழுதப்பட்டது. குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும், பராமரிப்பின் முதல் பொறுப்பு குடும்பத்துக்கே, இல்லம் கடைசி வழி என்கிறது. தலைவரும் நான்கு உறுப்பினரும் கொண்ட குழந்தைகள் நலக் குழு இறுதி முடிவெடுக்கும்போது குறைந்தது மூவர் இருக்க வேண்டும். சமூகப் புலனாய்வை 15 நாட்களில் முடிக்க வேண்டும். குழந்தையை முதலில் முன்னிறுத்திய நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் இறுதி ஆணை வரவேண்டும். மிஷன் வாத்சல்யா திட்டத்தில், தகுதியுள்ள குழந்தை வீட்டிலேயே வளர மாதம் 4,000 ரூபாய் தரவும் வழி இருக்கிறது. ஆனால் குடும்பம் கூடித் தனியே பேச ஒரு மணி நேரம், இந்த ஏற்பாட்டில் எங்கும் இல்லை. அலுவலர் ஒவ்வொரு வீடாகப் போய் விவரம் சேகரிக்கிறார். முடிவை அவரே எழுதுகிறார். ஒருவர் மேசையில் ஏறக்குறைய எத்தனை கோப்புகள் கிடக்கின்றன என்பதை இங்கே வந்திருக்கும் நண்பர்கள் அறிவார்கள். அவர்களை நான் குறைசொல்லவில்லை. முடிவைத் தனியே சுமக்கும்படி அவர்களை விட்டிருக்கும் முறையைத்தான் சொல்கிறேன்.

களப்பணிக்குப் போகும் மாணவர்களே, உங்கள் மேற்பார்வையாளரிடம் ஒரே ஒரு வழக்கிலாவது குடும்பக் கூட்டம் நடத்த அனுமதி கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை வையுங்கள். பள்ளியிலோ சமுதாயக் கூடத்திலோ வையுங்கள்; அரசு அலுவலகம் வேண்டாம். கோப்பில் இல்லாத உறவினரைத் தேடிப் பிடியுங்கள். துறையில் இருப்பவர்களுக்கும் அரசுக்கும் என் வேண்டுகோள் இது: கூட்டத்துக்கு வருகிற உறவினருக்குப் பேருந்துக் கட்டணமும் அன்றைய கூலியும் கொடுக்க ஒரு சிறு நிதி ஒதுக்குங்கள். சமூகப் புலனாய்வு அறிக்கைப் படிவத்தில் மூன்று வரிகளைச் சேருங்கள்: குடும்பக் கூட்டம் நடந்த நாள், வந்திருந்தவர்களின் பெயர், குடும்பத்தார் தங்கள் கையால் எழுதிய திட்டம். அந்த மூன்றாவது வரி காலியாக இருந்தால், இறுதி ஆணை பிறப்பிக்கும் முன் காரணம் கேளுங்கள் என்று குழந்தைகள் நலக் குழு உறுப்பினர்களை இந்த அவையின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.